பெட்டிமேல் ஒரு ‘ஆ’

மதராஸ் துறைமுகத்தில் என் டிரங்குப் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி முதலில் பலமாகத் தும்மினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். புடவைகள், கண்ணாடித் தகடுகள், சாயப் புட்டி, மின்சாரக் கருவி எல்லாவற்றின் மேலும் வெள்ளை மாவு கொட்டிக் கிடந்தது. சிங்கப்பூரில் நான் துணி சுற்றிச் சுற்றிப் பத்திரப்படுத்திய ஜாடி, கப்பல் ஆட்டத்தில் உடைந்து போயிருந்தது.

மாவு விற்க வந்தீர்களா என்றார். இல்லை, இது உருளைக்கிழங்கிலிருந்து எடுத்த ஸ்டார்ச், சோதனைக்கூடத்துக்கு மட்டும் ஆகும் என்றேன். அந்தக் கருவி எதற்கு என்றார். இறால் எந்த ஜாதி என்று கண்டுபிடிக்க என்று சொன்னேன். சிங்கப்பூர்த் தமிழில் யோசிக்காமல் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

“மனுஷனுக்குத்தான் அந்த பேஜாருன்னு நெனச்சிகினு இருந்தேன். எறாவுக்குமா?”

விட்டுவிட்டார். ஆனால் மாவு போனது போனதுதான். அதில் நூலும் தூசும் கலந்து, தோசை சுடக்கூட லாயக்கில்லாமல் கிடந்தது.

நான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் நான் வேலை பார்த்த கம்பெனி பல ஊர்களிலிருந்து உறைய வைத்த இறாலை வாங்கி, பெட்டி மாற்றி, வேறு தேசங்களுக்கு அனுப்பும். இறால் தலையும் ஓடுமாக வந்தால் கொம்பைப் பார்த்தே இனத்தைச் சொல்லிவிடலாம். ஓடு உரித்து வெறும் சதையாக வந்தால் எல்லாம் ஒரே முகம்தான். விலை உயர்ந்த வெள்ளை இறாலோடு மலிவான குட்டை இறாலைக் கலந்து அனுப்புகிறவர்கள் உண்டு. அதைப் பிடிக்கத்தான் எங்கள் சோதனைக்கூடத்தில் இந்தப் புதிய முறை வந்திருந்தது. சதையின் சாற்றை ஸ்டார்ச் கூழ் பூசிய தகட்டில் வைத்து மின்சாரம் செலுத்தினால், சாற்றிலுள்ள புரதங்கள் ஆளுக்கொரு வேகத்தில் நகர்ந்து வெவ்வேறு இடத்தில் நிற்கும். சாயம் ஊற்றினால் அவை நீலக் கோடுகளாகத் தெரியும். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கோட்டு வரிசை. அந்தக் கோடுகள் உரித்த இறாலையும் காட்டிக் கொடுத்துவிடும்.

ராயபுரத்திலிருந்து மிக்கேல் என்பவர் அனுப்பிய பெட்டிகளில்தான் தகராறு. எல்லாம் வெள்ளை இறால் என்று ஒப்பந்தம். ஆனால் சில பெட்டிகளின் மேல் ‘க’ என்றும் சில பெட்டிகளின் மேல் ‘ஆ’ என்றும் நீலப் பென்சிலால் எழுதியிருந்தது. ‘ஆ’ பெட்டியில் இருந்தவை கொஞ்சம் சிறியவை, நிறமும் மங்கல். எங்கள் சீன முதலாளி இரண்டு எழுத்தையும் விரலால் தொட்டுக் காட்டி, இரண்டு சரக்கு, ஒரு விலை என்றார். அந்தக் கம்பெனியில் தமிழ் எழுத்து படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் என்னையே அனுப்பினார்; ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஊர் இறால் தலையோடு அங்கேதான் கிடைக்கும். கலப்படம் என்று நான் தந்தி கொடுத்தால் மிக்கேலிடம் இனி வாங்குவதில்லை. அவருக்கு வேறு வாங்குபவர் கிடையாது. கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

இதெல்லாம் தெரிந்தும் மிக்கேல் அண்ணன் என்னை அழைத்துப்போகத் துறைமுகத்துக்கே வந்திருந்தார். ஹோட்டலில் தங்குவேன் என்றேன். அவர் காதிலேயே வாங்காமல் என் பெட்டியை சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டார். ரிக்‌ஷாக்காரர் வழியெல்லாம் என் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே மிதித்தார். எங்கள் ஊரில் டிரைஷாக்காரன் முன்னால் எதையும் மறைக்காதபடி பக்கத்தில் உட்கார்ந்து மிதிப்பான். இங்கே அவர் முதுகைப் பார்த்தபடியே ராயபுரம் முழுவதையும் கடந்தேன். நிலக்கரித் தூசு, கருவாட்டு வாசனை, மாதா கோயில் மணி, தார் நாற்றம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

மிக்கேலின் மனைவி ஸ்டெல்லா அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். “நாஸ்தா துன்னியா?” என்றார். விழித்தேன். நாங்கள் பசியாறுவது என்று சொல்வதைத்தான் இவர்கள் நாஸ்தா என்கிறார்கள் என்று புரிவதற்குள், ஆப்பமும் முந்தின நாள் மீன் குழம்பும் என் முன்னால் வந்துவிட்டன. நான் அவர்கள் பிழைப்பைத் தீர்மானிக்க வந்தவள். அந்த நினைப்பே இல்லாத மாதிரி அக்கா இன்னோர் ஆப்பத்தைத் தட்டில் போட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு அதையும் பிட்டேன்.

மறுநாள் கொட்டகைக்குப் போனேன். தகரக் கூரை, ஈரத் தரை, உள்ளே குளிர் அறையின் இயந்திரச் சத்தம். பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிசை ராயபுரம், காசிமேட்டுப் பெண்கள். எதிர் வரிசை காத்திவாக்கத்துப் பெண்கள். ராயபுரத்தார் தொட்டியில் கடல் இறால், காத்திவாக்கத்தார் தொட்டியில் எண்ணூர் முகத்துவாரத்துக்கு உள்ளே பிடித்த இறால். அந்த உப்பங்கழியை அவர்கள் ஆறு என்றுதான் சொல்கிறார்கள். கடலுக்கு ‘க’, ஆற்றுக்கு ‘ஆ’. இவ்வளவுதான் ரகசியம்.

கலப்படம் செய்கிறவன் பெட்டிமேல் எழுதி வைத்துவிட்டா செய்வான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே கவலையும் வந்தது. ஆற்றில் பல இனம் கலந்து கிடக்கும். ‘ஆ’ பெட்டியில் இருப்பது நிஜமாகவே வேறோர் இறாலாக இருந்தால், நல்ல மனசோடு செய்த கலப்படமும் கலப்படம்தான். முதலாளிக்கு மனசு வேண்டாம், கோடுதான் வேண்டும்.

அது ஏன் தனித்தனியாக எழுதுகிறீர்கள் என்று மிக்கேலைக் கேட்டேன். அவர் எதிர் வரிசையின் தலைப்பில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டினார். அவள் பெயர் கன்னியம்மா. என் அம்மா வயது இருக்கும். “அதோ கீதே, அத்தக் கேளு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார். கன்னியம்மா தலையைத் தூக்கவில்லை. ஆற்று எறா வேற ஜாதி, கடல் எறா வேற ஜாதி, கலந்தா தப்பு இல்லியா என்று மட்டும் சொன்னாள். நான் தேடி வந்த தீர்ப்பை அவளே சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. இதை மட்டும் முதலாளி கேட்டிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

ஸ்டார்ச் இல்லாமல் சோதனை இல்லை. ஆனால் கடற்பாசிக் கூழிலும் இதைச் செய்யலாம் என்று எங்கள் கூடத்துப் பெரியவர் ஒருமுறை சொல்லியிருந்தார். சிங்கப்பூரில் அந்தப் பாசியை, அகர் அகரை, வாங்கத் தெருமுனை போதும். இங்கே எங்கே போவது? வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய் கடைக்கு வழி சொன்னார் மிக்கேல்.

பாய் சாமான் கட்டிக்கொண்டே, “பசியாறிட்டியாம்மா?” என்றார். கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து என் வாயில் இருந்த சொல்லை இன்னொருவர் வாயில் கேட்டது அப்போதுதான். கண் கலங்கிவிட்டது. அவர்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான் சொல்வார்களாம். கடல்பாசி கேட்டதும், இனிப்பு செய்யத்தான் என்று நினைத்து, ரோஸ் வாட்டரா, இளநீரா, எதில் காய்ச்சப் போகிறாய் என்றார். உப்பு மருந்து கலந்த தண்ணீரில் காய்ச்சி, அதில் இறால் சாறு விட்டு, மின்சாரம் கொடுக்கப் போகிறேன் என்றேன். கட்டிக்கொண்டிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். “விருந்தாளி யாரும் வராங்களா?” என்று கேட்டார். வருகிறார்கள் என்றேன். இரக்கப்பட்டு, வெள்ளையாக, தூசு இல்லாத கட்டாகத் தேடிக் கொடுத்தார்.

அன்று மாலை பாரிமுனைப் பக்கம் போனபோது பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பம் ஒன்று தள்ளுவண்டியில் நூடுல்ஸ் போல எதையோ கலந்து விற்றது. அத்தோவாம். புளியும் வறுத்த பூண்டும் போட்டுக் கையாலேயே பிசைந்து தந்தார்கள். எங்கள் ஊர் மீ நூடுல்ஸை நினைத்து வாயில் போட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இன்னொன்று வாங்கினேன்.

அடுத்த நாள் காத்திவாக்கம். ஒப்பிட்டுப் பார்க்கத் தலையோடு கூடிய ஆற்று இறால் வேண்டும், நானே பார்த்து எடுக்க வேண்டும். கன்னியம்மா வீட்டுக்குத் திரும்பும்போது கூடவே பஸ் ஏறினேன். திருவொற்றியூர் தாண்டியதும் ஒரு பக்கம் தொழிற்சாலைப் புகை, இன்னொரு பக்கம் ரோட்டைக் கடிக்க வரும் கடல். எர்ணாவூரில் பஸ் இருமிவிட்டு நின்றது. கண்டக்டர் இறங்கி பானெட்டைத் திறந்தார், மூடினார், பீடி பற்றவைத்தார். சிங்கப்பூரில் பஸ் நின்றால் ஜனம் கடிகாரத்தைப் பார்க்கும். இங்கே எல்லோரும் இறங்கி ஒருவர் குடும்பத்தை ஒருவர் விசாரித்தார்கள். நான் யார், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதெல்லாம் பஸ் கிளம்புவதற்குள் முடிவாகிவிட்டது. கன்னியம்மாவே எனக்காகப் பதில் சொன்னாள். படிப்பு மிஞ்சிப் போச்சு என்றாள்.

ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் ஆணும் பெண்ணுமாகக் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் தொங்கும் ஓலைப் பையின் விளிம்பைப் பல்லில் கடித்திருந்ததால் யாரும் பேசவில்லை. பிடித்தது நேராகப் பைக்குள் போயிற்று. கன்னியம்மாவும் வீட்டுக்குள் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். கொட்டகையில் பகலெல்லாம் உரித்த கை, சேற்றில் அவ்வளவு சுறுசுறுப்பாகப் போவதை வாய் பிளந்து பார்த்தேன்.

கரையேறியதும் நானே கேட்டேன். சேர்த்தே போட்டிருந்தால் எங்கள் முதலாளிக்குச் சந்தேகமே வந்திருக்காதே, அந்த ‘ஆ’ எதற்கு? அவள் பையை என் பாத்திரத்தில் கவிழ்த்தாள்.

“கடலு எறா கடலுக்காரங்க பேர சொல்லிக்கினு கப்பல் ஏறுது. எங்க ஆத்துக்குன்னு இன்னா கீது? ஒரு எய்த்தாவது போட்டும்னு நான்தான் அண்ணன்கிட்ட சண்ட போட்டு போட வச்சேன்.”

அந்த எழுத்தால்தான் நான் வந்திருக்கிறேன், அந்த எழுத்தால்தான் கொட்டகை மூடும் போலிருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று உடனே தோன்றியது. அவள் முகம் விழுந்துவிட்டது. இரண்டு வரிசைப் பெண்களும் அந்தக் கொட்டகையை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். பஸ் வரும்வரை ஓலைப் பையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தாள்.

ஆற்று இறாலை ஐஸில் புதைத்து ஸ்டெல்லா அக்கா வீட்டில் வைத்துவிட்டு, அசதியில் படுத்துத் தூங்கிப் போனேன். எழுந்தபோது வீடு மணத்தது. மாங்காய் போட்டு, தேங்காய் அரைத்து விட்டு, என் மாதிரிகள் அனைத்தும் குழம்பாகியிருந்தன. தலையைக்கூட வீணாக்காமல் ரசம் வைத்திருந்தார்.

“நீ காத்திவாக்கம் வரிக்கும் போயி வாங்கியாந்தியே, ஆசப்பட்டு துன்னத்தான்னு நெனச்சேன்” என்றார் அக்கா. விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். புருஷன் பிழைப்பை நானே கொதிக்க வச்சிட்டேனே என்றார். வெந்த சதையில் என் கோடுகள் சரியாக வராது. கோபம் தலைக்கேறியது. ஆனால் அழுகிறவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சோற்றைப் போடச் சொல்லி உட்கார்ந்தேன். குழம்பு அபாரமாக இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. பஸ் அதிகம் கிடையாது. கன்னியம்மாவுக்கு யார் மூலமாகவோ சேதி போயிருக்கிறது. நாங்கள் பூசை முடிந்து வரும்போது உப்பு லாரி ஒன்று தெருவில் நின்றது. டிரைவர் பக்கத்திலிருந்து அவள் இறங்கினாள். மடியில் ஈரத் துணி மூடிய பாத்திரம். உள்ளே இறால் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா அக்கா பாத்திரத்தின் பக்கமே போகவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பின்கட்டு அறையில் வேலையைத் தொடங்கினேன். கடல்பாசியை நன்றாக அலசி, என் ரசாயன உப்புக் கரைசலில் காய்ச்சிக் கண்ணாடித் தகட்டில் ஊற்றினேன். சர்க்கரை போடாமலா என்று அக்கா இரண்டு தடவை கேட்டார். கூழ் இறுகியதும் நான்கு கீறல் போட்டேன். முதல் கீறலில் கடல் இறாலின் சாறு. இரண்டாவதில் கன்னியம்மா கொண்டுவந்த ஆற்று இறால். மூன்றாவதில் குளிர் அறையில் கப்பலுக்குக் காத்திருந்த ‘ஆ’ பெட்டியிலிருந்து எடுத்தது. நான்காவதில் சந்தையில் வாங்கிய மலிவான குட்டை இறால். தகட்டைச் சுற்றி ஐஸ் உடைத்துப் போட்டு மின்சாரத்தைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கக் கரண்ட் போயிற்று. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கரண்ட் வந்தபின் மறுபடி முதலிலிருந்து காய்ச்சினேன். மிக்கேல் அண்ணன் அடுத்த தெரு ஐஸ் பேக்டரிக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். சும்மா உட்கார அவரால் முடியவில்லை.

சாயத்தில் முக்கி எடுத்தபோது தகடு முழுவதும் ஒரே நீலம். அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். காடி, அதாவது வினிகர், கலந்த நீரில் அலச அலசத்தான் கோடுகள் தெளியும், பொறுங்கள் என்றேன். மூன்று பேர் தலையும் என் தோளுக்கு மேல் இருந்தது. மெல்ல நீலம் விலகியது. முதல் வரிசையில் கோடுகள் தெரிந்தன. இரண்டாவதில் அதே உயரத்தில், அதே தடிப்பில், அதே கோடுகள். மூன்றாவதிலும் அதே. நான்காவது மட்டும் வேறு எங்கோ கோடு போட்டுக்கொண்டு தனியாக நின்றது.

ஒரே இனம் என்றேன். கடலும் ஆறும் ஒன்று, பெட்டியில் இருப்பதும் அதுவே, கலப்படம் இல்லை. மிக்கேல் அண்ணன் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். என் கையிலிருந்த நீலச் சாயம் அவர் ஞாயிற்றுக்கிழமைச் சேலையில் ஒட்டியது, அவர் கவனிக்கவில்லை. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

கன்னியம்மா மட்டும் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ ஆத்து எறான்னு ஒண்ணு கெடயவே கெடயாதா?”

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இறால் கடலில்தான் பிறக்கிறது, குஞ்சாக ஆற்றுக்குள் வந்து தின்று வளர்கிறது, பெரிதானதும் கடலுக்குத் திரும்பிவிடுகிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

“எங்க ஆத்துல துன்னுட்டு, கடலு பேர வச்சிக்கினு பூடுதா” என்றாள். பிறகு, கொட்டகை திறந்து இருக்கும் இல்லியா, அது போதும் என்று எழுந்து பாத்திரத்தைக் கழுவப் போனாள். அவள் பிழைப்பைக் காப்பாற்றிய அதே கோடு அவள் எழுத்தைப் பிடுங்கிக்கொண்டதில் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

திங்கட்கிழமை தந்தி கொடுத்தேன். இரண்டு பெயரால் வந்த குழப்பம், இனிமேல் ஒரே பெயர் என்று முதலாளிக்குச் சொன்னதால், மிக்கேல் மீதிப் பெட்டிகளில் இருந்த இரண்டு எழுத்தையும் சுரண்டிவிட்டு வெள்ளை இறால் என்று ஒரே முத்திரை குத்தினார். இரண்டு தொட்டிகளையும் ஒன்றாக்கச் சொன்னார். பெண்கள் இரண்டு வரிசையிலும் முணுமுணுத்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரு பக்கமும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

கிளம்பும் நாள் மதியம் ஸ்டெல்லா அக்கா கன்னியம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். எனக்கு எதிரில் இரண்டு கிண்ணங்கள். ஒரே மசாலா, ஒரே அடுப்பு. எது ஆறு, எது கடல், சொல் என்றார்கள். இரண்டும் ஒன்று என்று நிரூபித்தவள் நான், எனக்கென்ன பயம் என்று முதல் கிண்ணத்திலிருந்து ஒன்றை வாயில் போட்டேன். இரண்டாவதைப் போட்டதும் நிறுத்திவிட்டேன். அதில் ஓர் இனிப்பு இருந்தது. சந்தேகமே இல்லை. இது ஆறு என்றேன்.

கன்னியம்மா அன்றுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். “உன் கரண்டு பொட்டிக்கு நாக்கு இல்ல, பாவம்” என்று சொல்லி, அந்தக் கிண்ணத்தை முழுவதுமாக என் சோற்றில் கவிழ்த்தாள்.

சில மாதங்கள் கழித்து ராயபுரத்திலிருந்து அடுத்த சரக்கு சிங்கப்பூர் வந்து இறங்கியது. எல்லாப் பெட்டியிலும் ஒழுங்காக ஒரே முத்திரை. முதலாளி திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். நான் சோதனைக்கு ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பினேன். அடியில், மூலையில், விரல் நகமளவுக்கு அடுப்புக்கரியால் ஏதோ கிறுக்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். ‘ஆ’.

முதலாளி திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. எச்சில் தொட்டு அதை அழித்தேன். என்ன என்றார். கரி ஒட்டியிருக்கிறது என்றேன். அன்று மாலை ஊழியர் விலைக்கு ஒரு பெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எது வேண்டுமானாலும் எடு, எல்லாம் ஒரே சரக்குதானே என்றான் கிடங்குக்காரன். ஒரே சரக்குதான் என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பெட்டியைத்தான் கேட்டு வாங்கினேன்.